கூளம் காய்ந்திருக்கிறதா? வீட்டுக் கோழிகளுக்கு நான் தினமும் செய்வது

காலையில் கூண்டைத் திறந்ததும் தீவனத்தை எடுக்க மாட்டேன். உள்ளே குந்தி உட்கார்ந்து, முகத்தைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குக் கொண்டுபோய், ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்ப்பேன். கோழியின் தலை இருக்கும் உயரம் அது. நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாத நாளில்கூட, அந்த உயரத்தில் மூக்கில் சுள்ளென்று ஏறும். ஏறினால் அன்றைக்குக் கூடுதல் வேலை இருக்கிறது. ஏறவில்லை என்றால் வழக்கமான பத்து நிமிடம் போதும்.

முதல் மூச்சுதான் கணக்கு. இரண்டு நிமிடம் உள்ளேயே இருந்துவிட்டால் மூக்கு அந்த நெடிக்குப் பழகிவிடும். அப்புறம் எதுவும் இல்லாதது போலவே தோன்றும். தினமும் கூண்டுக்குள் போய்வருகிறவர்களுக்கே தங்கள் கூண்டின் நாற்றம் தெரியாமல் போவது இதனால்தான். சந்தேகமாக இருந்தால் வீட்டில் வேறு யாரையாவது கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை என் மகளுடையது.

ஒன்பது வருடமாகக் கோழி வளர்க்கிறேன். இப்போது ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. தொடங்கிய புதிதில் எந்த இனம் நல்லது, எந்தத் தீவனம் நல்லது, என்ன மருந்து கொடுக்கலாம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். தரையைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை. முதல் மழைக்காலத்தில் 3 குஞ்சுகள் செத்துப்போயின. ஐந்து வாரக் குஞ்சுகள். இறக்கையைத் தொங்கப்போட்டு, உடம்பை உப்பிக்கொண்டு மூலையில் நின்றன. எச்சத்தில் ரத்தம் இருந்தது. ரத்தக்கழிச்சல் என்று மருத்துவர் சொன்னார். கூண்டுக்குள் வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணம் சிந்திச் சிந்தி, அந்த மூலையில் தரைமேல் பரப்பியிருந்த கூளம் களி மாதிரி ஆகியிருந்தது. நான் அதன் மேலேயே புதுக் கூளத்தைத் தூவிக்கொண்டிருந்தேன். மேலே பார்க்கச் சுத்தமாக இருந்தது, அடியில் சேறு.

அந்த நோய் பரவும் விதத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் தரை எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது. ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரி, கண்ணுக்குத் தெரியாத உறைக்குள் இருந்தபடி எச்சத்தோடு வெளியே வருகிறது. வந்த உடனே அது நோய் தருவதில்லை. ஈரம், வெதுவெதுப்பு, காற்று மூன்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்கிறது. முதிர்ந்த பிறகு, தரையைக் கொத்தும் குஞ்சின் வயிற்றுக்குள் போனால் குடலைத் தாக்குகிறது. வெதுவெதுப்பையும் காற்றையும் நம்மால் எடுத்துவிட முடியாது. ஈரத்தை எடுக்க முடியும். கோழிப் பராமரிப்பில் நான் செய்யும் வேலைகளில் பாதிக்கு மேல் அந்த ஒன்றுக்காகத்தான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

மழையும் சிந்தும் தண்ணீரும் கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஈரம் கோழியிடமிருந்தே வருகிறது. கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதுதான் அதன் சிறுநீர். வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 கிராமுக்குக் குறையாமல் எச்சமிடும். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். என்னிடம் இருக்கும் ஏழு கோழிகளுக்குக் கணக்குப் போட்டால், தினமும் அரை லிட்டருக்கு மேல் தண்ணீரை அவையே தரையில் ஊற்றுகின்றன. இதோடு அவை விடும் மூச்சில் இருக்கும் ஈரமும் சேர்கிறது.

எச்சத்தின் வெள்ளைப் பகுதியில் இருப்பது யூரிக் அமிலம். ஈரமான கூளத்தில் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து அமோனியா ஆக்குகின்றன. மூக்கில் ஏறும் நெடி அதுதான். பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு அமோனியா இருந்தாலே கோழியின் கண்ணும் மூச்சுக்குழாயும் பாதிக்கப்படத் தொடங்கும். நம் மூக்குக்கு நெடி தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும் அளவும் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. அதனால், நமக்கு நெடி அடிக்கிறது என்றால் கோழிக்கு ஏற்கனவே தொல்லை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமாவது வெளியே வந்துவிடுகிறோம். அது இரவெல்லாம் அதே காற்றில் தூங்குகிறது.

எதைப் போடலாம்

கூளம் என்று நான் சொல்வது தரையில் பரப்பும் எதையும்தான். அது ஈரத்தை உறிஞ்ச வேண்டும், உறிஞ்சிய ஈரத்தைக் காற்றில் விட்டுவிடவும் வேண்டும். பலர் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள். உறிஞ்சிவிட்டு அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளும் கூளம் நனைந்த துணிக்குச் சமம்.

எனக்கு ஒத்துவருவது மரச்சீவல். இழைப்புளியில் இழைக்கும்போது சுருள்சுருளாக விழுமே, அது. சுருளுக்குள் காற்று நிற்பதால் சீக்கிரம் காய்கிறது, மிதித்தாலும் அமுங்கிக் கட்டியாவதில்லை. வாங்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அது வெறும் மரமா, அல்லது பூச்சிமருந்து ஏற்றிய மரமோ பசை சேர்த்து அழுத்திய பலகையோ கலந்திருக்கிறதா? கலந்திருந்தால் வேண்டாம். தேவதாரு போல வாசனை தூக்கலாக இருக்கும் மரத்தையும் தவிர்த்துவிடுவேன். அந்த வாசனை எண்ணெய், மூடிய இடத்தில் மூச்சுக்கு நல்லதல்ல.

மரத்தூள் வேறு, மரச்சீவல் வேறு. ரம்பத்தில் அறுக்கும்போது மாவு போல விழும் தூள் ஈரத்தை நன்றாக இழுக்கும். ஆனால் புழுதி பறக்கும், நனைந்தால் கட்டிதட்டும். குஞ்சுகள் அதைத் தீவனம் என்று நினைத்துத் தின்றுவிடும். சீவலோடு கால்பங்கு கலப்பதற்கு மேல் நான் பயன்படுத்துவதில்லை.

நெல் உமி அவ்வளவாக உறிஞ்சாது. ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும், கிளறுவதற்கும் இலகு. சீவல் கிடைக்காத மாதங்களில் உமியோடு கொஞ்சம் தென்னைநார்த் தூள் கலந்து போடுவேன். நார்த்தூள் நிறைய உறிஞ்சும், உமி காற்றுக்கு இடம் கொடுக்கும். நார்த்தூளை மட்டும் போட்டால் காய்ந்த நாளில் ஒரே புழுதியாகிவிடும்.

வைக்கோலை நீளமாக அப்படியே போடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்று படிந்து பாய் போல ஆகிவிடும். மேல்பக்கம் காய்ந்திருக்கும், தூக்கிப் பார்த்தால் அடியில் ஆவி பறக்கும். இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் போட்டால் பரவாயில்லை. அப்படியும் வாரம் இருமுறை கிளற வேண்டும். பச்சை மாறாத புல் வேண்டவே வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். காய்ந்த இலைகளை நொறுக்கி மற்றக் கூளத்தோடு கலக்கலாம். அதைக் கிளறுவதில் கோழிகளுக்கு இருக்கும் சந்தோஷத்தைப் பார்ப்பதற்காகவே நான் இலை சேர்த்து வைக்கிறேன்.

மணலை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். பருமணலாக இருந்தால் எச்சம் மேலேயே காய்ந்து நிற்கும், சல்லடையால் அள்ளிவிடலாம். ஆனால் மணல் எதையும் உறிஞ்சாது, ஒருமுறை நனைந்தால் அடியில் ஈரம் அப்படியே கிடக்கும். மழைச்சாரல் அடிக்காத, நன்றாகக் காற்று வரும் இடத்துக்குச் சரி. நான் ஒரு வருடம் வைத்துப் பார்த்துவிட்டு மாற்றிவிட்டேன். குளிரான காலையில் காலை வைக்க முடியாத அளவுக்கு ஜில்லென்று இருந்தது. மூட்டையைத் தூக்கிப் போடுவதும் என் முதுகுக்கு ஆகவில்லை.

செய்தித்தாள் விரிக்க வேண்டாம். குறிப்பாகக் குஞ்சுகளுக்கு. வழவழப்பில் கால் பிடிக்காமல் இரண்டு பக்கமும் விரிந்து, முதல் சில நாளிலேயே கால் கோணிப்போகும். பொரித்து முதல் நான்கைந்து நாளுக்குச் சொரசொரப்பான துணி விரித்து, தினமும் மாற்றுங்கள். தீவனம் எது, கூளம் எது என்று குஞ்சுக்குத் தெரிந்த பிறகு 2 அங்குலச் சீவலுக்கு மாற்றலாம்.

எந்தக் கூளமானாலும், மூட்டையைத் திறந்ததும் கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள். பூசண வாடை அடித்தால் மூட்டையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மலிவாகக் கிடைத்தது என்று மனது கேட்காவிட்டாலும் சரி. பூஞ்சை வித்துகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அதற்கு நல்ல சிகிச்சை இல்லை. குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூச்சுவிட்டுச் செத்துப்போகும்.

ஆழ்கூளம்

பெரிய கோழிகளுக்கு 4 அங்குல உயரத்தில் தொடங்குங்கள். அதற்குக் குறைந்தால், கோழி ஒருமுறை கிளறியதுமே தரை தெரியும், எச்சம் தரையில் ஒட்டும். அப்புறம் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கூளத்தை வாராவாரம் முழுவதுமாக அள்ளிக் கொட்டிப் புதிதாகப் போடுவது ஒரு முறை. ஆழ்கூளம் இன்னொரு முறை. இதில் கூளத்தை மாதக்கணக்கில் எடுப்பதே இல்லை. எச்சம் விழ விழ, மேலே புதுக் கூளத்தைச் சேர்த்து, கிளறிக் கிளறி விடுகிறோம். 4 அங்குலத்தில் தொடங்கியது சில மாதங்களில் 8 அங்குலம், 10 அங்குலம் என்று உயரும். உள்ளே இருக்கும் நுண்ணுயிரிகள், எச்சத்தில் இருக்கும் நைட்ரஜனையும் கூளத்தில் இருக்கும் கார்பனையும் சேர்த்து மக்க வைக்கின்றன. சரியாக வேலை செய்யும் ஆழ்கூளத்தில் காட்டு மண் வாசனைதான் வரும். நெடி வருகிறது என்றால் ஈரம் கூடிவிட்டது, அல்லது கூளத்துக்கு எச்சம் மிஞ்சிவிட்டது.

இது சோம்பேறிகளுக்கான முறை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அள்ளும் வேலை குறையும், கவனிக்கும் வேலை கூடும். காற்றோட்டம் இல்லாத கூண்டிலும், ஒரு கோழிக்கு 4 சதுர அடிகூட இல்லாத நெருக்கத்திலும் இதை முயலவே வேண்டாம். மண் தரையாக இருந்தால் நன்றாக நடக்கும்.

நான் கூளத்தை அள்ளி எடுப்பது வருடத்துக்கு ஒருமுறை, வெயில் நிலையாக அடிக்கும் நாட்களில். அப்போதும் கால்பங்கு பழைய கூளத்தை விட்டுவைத்து அதன்மேல் புதியதைப் போடுவேன், தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி. கூண்டில் நோய் வந்து போயிருந்தால் மட்டும் ஒரு பிடிகூட மிச்சம் வைப்பதில்லை. எல்லாவற்றையும் வாரி, தரையையும் கோழிகள் இரவில் உட்காரும் கம்புகளையும் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே புதிது போடுவேன்.

கூளத்தின் ஈரத்தை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். கொழுக்கட்டை போல உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாகச் சேர்ந்து, விரலால் தொட்டதும் உதிர்ந்தால் சரி. சேரவே சேராமல் புழுதியாகப் பறந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது, அந்தப் புழுதியும் கோழிக்கு இருமலைத் தரும். நான் இதை வாரம் ஒருமுறை நான்கு இடங்களில் செய்வேன்: வெளியே தண்ணீர் இருக்கும் பக்கம், கம்புக்குக் கீழே, கதவருகே, அப்புறம் வெளிச்சம் படாத பின்மூலை. பெரும்பாலும் பின்மூலைதான் ஏமாற்றும்.

ஓரிடம் நனைந்துவிட்டால் அதன்மேல் காய்ந்ததைத் தூவி மறைக்காதீர்கள். நான் அந்தக் குஞ்சுகளை இழந்தது அப்படித்தான். நனைந்ததை மண்வெட்டியால் அடிவரை வெட்டி எடுத்து வெளியே போட்டு, தரையைக் காயவிட்டு, பிறகு நிரப்புங்கள்.

சுண்ணாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெடி வந்தால் சுண்ணாம்பைத் தூவு என்பது பரவலான யோசனை. நானும் தூவினேன், நெடி கூடியது. காரணம் பிறகுதான் தெரிந்தது. சுண்ணாம்பு கூளத்தின் காரத்தன்மையை உயர்த்துகிறது, காரம் கூடினால் கூளத்தில் அடங்கியிருக்கும் அமோனியா காற்றில் கலப்பதும் கூடும். நீற்றிய சுண்ணாம்பாக இருந்தால் கோழியின் பாதமும் கண்ணும் எரியும். நெடிக்கு மருந்து, ஈரக் கூளத்தை எடுப்பதும் காற்றை விடுவதும்தான்.

கம்பும் காற்றும்

கோழி ஒரு நாளில் இடும் எச்சத்தில் ஏறத்தாழ பாதி, இரவில் கம்பில் உட்கார்ந்திருக்கும்போது விழுகிறது. அதனால் கம்புக்குக் கீழே ஒரு பலகையை வைத்து, அதில் அரை அங்குலம் சீவல் தூவியிருக்கிறேன். காலையில் கொத்தனார் கரண்டியால் ஒரே இழுப்பு, எல்லாம் வாளிக்குள். இந்தப் பலகை வைத்த பிறகு கூளத்தின் ஆயுள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. நான் செய்த மாற்றங்களிலேயே எனக்கு அதிகம் உதவியது இதுதான். ஆழ்கூளம் வைத்திருந்தாலும் பலகை வைக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

தினமும் எச்சத்தை அள்ளும்போது கோழியின் உடல்நிலையும் தெரிந்துவிடுகிறது. உருண்டையாக, வெள்ளைத் தொப்பியோடு இருந்தால் நல்லது. ஒரு நாளில் சில முறை, பசை போலப் பழுப்பாக, நாற்றம் தாங்க முடியாத எச்சம் ஒன்று வரும். அது குருட்டுக்குடல் என்ற குடல் பையிலிருந்து வருவது, பயப்பட வேண்டாம். ரத்தம், சுண்ணாம்புத் தண்ணீர் போன்ற கழிச்சல், விடாத பச்சைக் கழிச்சல் இவற்றைப் பார்த்தால் எந்தக் கோழி என்று அன்றே கண்டுபிடித்துத் தனியே வையுங்கள்.

கம்பு 2 அங்குல அகலத்தில், முனை மழுக்கியதாக இருக்கட்டும். ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குல இடம் விடுங்கள். உயரம் அதிகம் வேண்டாம். உயரத்திலிருந்து குதித்துக் குதித்து உள்ளங்காலில் காயம்பட்டு, ஈரக் கூளத்தில் இருக்கும் கிருமி அதில் புகுந்தால் பாதம் பந்து போல வீங்கும். கனமான கோழிகளுக்கு இடுப்பளவு உயரமே அதிகம்.

காற்றோட்டத்துக்கான திறப்பு, கம்பில் உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். ஈரமும் சூடும் கலந்த காற்று மேலே ஏறி அந்த வழியாக வெளியேறும். கோழியின் உடம்பில் நேரடியாகக் காற்று வீசினால் அது இறகுக்குள் அடைத்து வைத்திருக்கும் வெப்பம் போய்விடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, குளிர்காலத்தில் எல்லாத் திறப்புகளையும் அடைத்துவிடுகிறவர்கள் நிறைய. கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியசுக்கு மேல், அதோடு மேலே இறகுப் போர்வை. உலர்ந்த குளிரை அது தாங்கும். ஈரக் குளிர்தான் கொண்டையைக் கருக்கும், சளியைக் கொண்டுவரும். காலையில் கூண்டின் உட்கூரையில் நீர்த்துளி கோத்திருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். திறப்புகளுக்கு அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை அடித்துவிடுங்கள். மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும், கீரி உள்ளே வருவதைத் தடுக்காது.

தண்ணீரும் தீவனமும்

தண்ணீரைக் கூண்டுக்குள் வைப்பதை நான் நிறுத்திப் பல வருடமாகிறது. இருட்டியபின் பெரிய கோழிகள் குடிப்பதுமில்லை, தின்பதுமில்லை. விடிந்ததும் திறந்துவிடுவதாக இருந்தால் இரவுக்குத் தண்ணீர் தேவையில்லை. வெளியே, கூரைக்குக் கீழே, செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்திருக்கிறேன். கிண்ணத்தின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு வர வேண்டும். தாழ இருந்தால் கிளறிக் குப்பையைத் தள்ளிவிடும், எச்சமும் விழும். ஒரு கோழி ஒரு நாளைக்குக் கால் லிட்டர் குடிக்கும், கடும் வெயிலில் அது இரட்டிப்பாகும். தினமும் ஊற்றிக் கழுவி நிரப்புங்கள். உள்பக்கம் விரலால் தடவும்போது வழவழவென்று இருந்தால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

தீவனம் பற்றி எழுத நிறைய பேர் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். முட்டையிடும் கோழிக்கு 16 சதவீதப் புரதம் உள்ள தீவனம், நாளுக்கு 110 முதல் 130 கிராம் வரை. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியது தின்னும். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டுமே 2 கிராம் கால்சியம் செலவாகிறது. முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடக் கூடாது, அதில் இருக்கும் கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாலையில் ஒரு கைப்பிடி தானியத்தைக் கூளத்தின் மேல் வீசுவேன். ஒரு மணிநேரத்தில் ஏழும் சேர்ந்து கூளம் முழுவதையும் புரட்டிப்போட்டுவிடும். நான் கையால் கிளறினாலும் அவ்வளவு சீராக வராது.

முட்டைப் பெட்டிக்குத் தனியே மென்மையான சீவல், ஓர் அடிச் சதுரப் பெட்டி, நான்கு கோழிக்கு ஒன்று. தூங்கும் கம்பைவிடத் தாழ்வாக வையுங்கள், இல்லாவிட்டால் அதற்குள்ளேயே படுத்து அசிங்கம் செய்யும்.

கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நான் பிடித்துக்கொள்வேன், மகள் பார்ப்பாள். கண் தெளிவாக இருக்கிறதா, மூக்கில் ஒழுகல் இருக்கிறதா என்று முதலில். நெஞ்செலும்பைத் தடவினால் கத்தி போலக் கூராக இருந்தால் மெலிந்துவிட்டது என்று பொருள். இறகு மூடியிருப்பதால் இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகைப் பிரித்துப் பார்த்தால் பேனும் அதன் முட்டைக் கொத்தும் தெரியும். கடைசியாக உள்ளங்கால்.

தீனிப்பையை, அதாவது தின்றது முதலில் தங்கும் கழுத்தடிப் பையை, தொட்டுப் பார்ப்பது காலையில் செய்ய வேண்டியது, தீவனம் வைப்பதற்கு முன். இரவு நிறைந்திருந்த பை காலையில் காலியாக இருக்க வேண்டும். கல் போலவோ, தண்ணீர்ப் பை போலவோ இருந்தால் அடைப்பு.

சிவப்புச் செள்ளைப் பகலில் கோழியின் உடம்பில் தேடிப் பயனில்லை. அது பகலில் கம்பின் விரிசலிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். இருட்டியபின் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், சிவப்புக் கறை பட்டால் செள் இருக்கிறது. கோழியில்லாத கூண்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சூடான காலத்தில் ஒரு வாரத்திலேயே அடுத்த தலைமுறை வந்துவிடும் என்பதால், ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும். கம்பைக் கழற்றி எடுக்கும்படி அமைத்தால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

புழுதிக் குளியலுக்கு ஒரு பழைய டயருக்குள் காய்ந்த மண்ணும் மணலும் போட்டு, கூரைக்குக் கீழே வைத்திருக்கிறேன். கோழி பேனைத் தானே உதிர்ப்பது அதில்தான். மழைக்காலத்தில் தோட்டத்து மண் நனைந்திருக்கும்போது இந்த டயர்தான் அவற்றுக்குக் கதி.

ஒன்று வாடியிருந்தால் தனியே வைத்து மருத்துவரைப் பாருங்கள். ஓரிரு நாளில் பல கோழிகள் திடீரென்று செத்தால், அறுத்துப் பார்க்கவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம், வெறுங்கையால் தொடவும் வேண்டாம். கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லுங்கள்.

மழைக்கு முன்பும் கூளத்தை எடுத்த பின்பும்

மழை தொடங்கும் முன் மூன்று வேலைகளை முடித்துவிடுவேன். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி ஓர் அடியாவது வெளியே நீட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். கூண்டைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டுவேன். ஒரு மூட்டை காய்ந்த சீவலை வீட்டுக்குள், தரையில் படாமல் பலகை மேல் எடுத்து வைப்பேன். அடைமழை நாளில் கூளம் நனைந்துவிட்டால் கடைக்கு ஓடிப் பயனில்லை, அங்கேயும் ஈரமாகத்தான் இருக்கும்.

பழைய கூளத்தை அள்ளும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், அந்தப் புழுதி நம் நுரையீரலுக்கும் ஆகாது. கோழியையோ கூளத்தையோ தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதை வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்குப் பழக்குங்கள். நன்றாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கூண்டுக்கென்று ஒரு ஜோடிச் செருப்பைத் தனியே வைத்துக்கொள்வதும் நல்லது.

அள்ளிய கூளத்தைச் செடிக்கு அப்படியே போட்டால் வேர் கருகும். குவியலாகப் போட்டு, பிழிந்த துணி அளவுக்கு ஈரம் காட்டி, அவ்வப்போது புரட்டிவிட்டால் சில மாதங்களில் உதிரியாக, கறுப்பாக மக்கிவிடும். பார்த்தால் எது எச்சம், எது சீவல் என்று பிரித்துச் சொல்ல முடியாதபோது தோட்டத்துக்குத் தயார்.

மாலையில் வெளிச்சம் குறையும்போது அவை தாமாகவே உள்ளே போய்க் கம்பில் ஏறிவிடும். நான் போய் ஏழையும் எண்ணுவேன். முட்டைப் பெட்டியில் யாராவது படுத்திருந்தால் தூக்கிக் கம்பில் வைப்பேன். குனிந்து, பின்மூலைக் கூளத்தில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். உதிர்ந்தால் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவேன். உதிராவிட்டால் மண்வெட்டியை எடுக்க வேண்டும், காலை வரை அதை விட்டுவைப்பதில்லை.